ஒற்றை விசிலுக்கு நின்றுபோன கால்

இதை நான் கையால் எழுதவில்லை. என் கையெழுத்து இப்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வரி எழுதினால் முதல் எழுத்து கண்ணுக்குத் தெரியும், கடைசி எழுத்தைத் தேட வேண்டியிருக்கும். அதனால் போனில் பேசிப் பேசிப் பதிவு செய்தேன். என் மகன் கண்ணன் அதைக் கேட்டு டைப் அடித்துத் தந்தான். அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிற இடத்திலும் ஒரு வார்த்தையை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மாற்றியிருந்தால் அவனுக்கு இருக்கிறது.

என் பெயர் சுடலைமுத்து. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். பெரும்பாலும் திருநெல்வேலி-பாபநாசம் தடம்தான். எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் பெருமாள்புரத்தில் சொந்த வீடு. எனக்குப் பார்க்கின்சன் என்ற நோய் இருக்கிறது. நடை வராமல் போய், பிறகு ஒரு போனை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினேன். பிசியோதெரபி அறை வாசலில் காத்துக்கிடக்கிற ஆட்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "எப்படிண்ணே, எப்படிண்ணே" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நோய் முதலில் என் இடது கையில்தான் வந்தது. நடக்கும்போது எல்லோருக்கும் கை முன்னும் பின்னும் வீசும் இல்லையா, என் இடது கை வீசாது. மடங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். வேறு வீடாக இருந்தால் என்ன ஏது என்று பதறியிருப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டக்டர் வேலையில் பணப்பையைக் கக்கத்தில் இறுக்கிப் பிடித்துப் பிடித்து அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது என்று நானும் நினைத்தேன், செண்பகமும் நினைத்தாள். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேலிகூடப் பண்ணுவார்கள். "ஏ மாப்ளே, பைய எங்கன வச்சுட்டு வந்தீரு" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு, "டிக்கெட் எடுத்தாச்சா வே" என்று பதில் சொல்லுவேன். நோய் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கையைத் தொடர்ந்து மோப்பம் போனது. செண்பகம் தாளிக்கிற வாசம் தெருமுனை வரைக்கும் வரும் என்பார்கள், எனக்கு அடுப்படியில் நின்றால்கூடத் தெரியாது. வயசு என்று விட்டுவிட்டேன். நடை குறுகியது, செருப்பு தரையில் தேய ஆரம்பித்தது. அதையும் வயசுக் கணக்கில் சேர்த்தேன்.

ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வெளியே வரும்போது, குளியலறை நிலைவாசலில் கால் நின்றுவிட்டது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. பசை போட்டு ஒட்டின மாதிரி பாதம் தரையைவிட்டு எழும்ப மாட்டேன் என்கிறது. உடம்பு மட்டும் முன்னால் போகிறது. அப்புறம் என்ன, குப்புற விழுந்தேன். நெற்றியில் தையல் போடுகிற அளவுக்கு அடி. செண்பகம் என்னைத் தூக்கப் பார்த்தாள். அவள் ஒரு தண்ணீர்க் குடத்தையே இரண்டு மூச்சில் தூக்குகிற ஆள். கடைசியில் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தலையில் அடி என்பதால் உள்ளே படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷமாக இருந்தபோதுதான் நரம்பு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். என்னை எழுந்து நடக்கச் சொன்னார். நாலு எட்டு நடந்ததைப் பார்த்துவிட்டு கூட வந்த டாக்டர்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டு, உள்ளங்கையைத் திருப்பு, ஒரு சுருள் வரை, பெயரை எழுது. டிக்கெட் கிழித்த விரல், தட்டத் தட்டச் சோர்ந்து நின்றுவிட்டது. கடைசியாக என் பின்னால் வந்து நின்று, "இழுக்கப் போறேன், விழாம நில்லுங்க" என்று சொல்லித் தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பாபநாசம் ரோட்டில் எத்தனை சடன் பிரேக். கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தவன் நான். அவர் இழுத்த இழுப்புக்கு அப்படியே மல்லாந்து அவர் கையில் விழுந்தேன். விழுந்தது கூட வருத்தமில்லை, வார்டே பார்த்ததுதான் எனக்கு மானக்கேடாக இருந்தது.

"பார்க்கின்சன்" என்றார். செண்பகம், "அது என்ன கட்டியா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் பொறுமையான மனுஷன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். மூளைக்குள் டோபமின் என்று ஒரு சத்து சுரக்கிறதாம். நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுக்கெல்லாம் அதுதான் ஆதாரம். நடக்கும்போது இப்போது வலது கால், இப்போது இடது கால் என்று யாரும் யோசிப்பதில்லை, தானாக நடக்கும். அந்தச் சுரப்பு குறையக் குறைய, தானாக நடந்தது தானாக நடக்காது. இதற்குக் கட்டியும் காரணமில்லை, கிருமியும் காரணமில்லை, யாருக்கும் தொற்றாது. அடியோடு குணமாகாது, ஆனால் மாத்திரையும் பயிற்சியும் இருந்தால் நல்லபடியாக வாழலாம் என்றார். வாசலில் கால் ஒட்டிக்கொள்வதற்கு உறைதல் என்று பெயராம். வாசல், திருப்பம், கூட்டம், அவசரம், இந்த நாலும் வந்தால் கால் உறையும்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாசல், திருப்பம், கூட்டம், அவசரம். ஒரு பஸ்ஸில் இதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

மாத்திரை அளவைப் பார்த்துச் சரிசெய்ய இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார்கள். அந்த ராத்திரிகளைப் பற்றி ரொம்பச் சொல்ல மாட்டேன். படுக்கையில் புரண்டு படுக்கவே இன்னொருத்தர் கை வேண்டியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து கண்ணன் லீவு போட்டு வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தான். நான் லேசாக அசைந்தாலே, "என்னப்பா வேணும்?" என்று எழுந்துவிடுவான். அவன் தூங்கட்டும் என்று நான் அசையாமல் கிடப்பேன், நான் எப்போது அசைவேனோ என்று அவன் முழித்துக் கிடப்பான். காலையில் இரண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கும். செண்பகம் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து, இரண்டு பேரையும் வைதுகொண்டே ஊற்றிக் கொடுப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் வள்ளியூர்க்காரர் ஒருத்தர், வாழைத்தார் வியாபாரி. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வந்த அன்றைக்கே என்னை உற்றுப் பார்த்தார்.

"நீரு பாபநாசம் வண்டி கண்டக்டர்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"அம்பாசமுத்திரத்துல வச்சு என்னைய வண்டிய விட்டு எறக்கிவிட்டீரே வே. வாழத்தார ஏத்தக் கூடாதுன்னு."

"தாரு எத்தன இருந்துச்சு?"

"அது இருந்துச்சு கொஞ்சம். பின்சீட்டு பூரா இருந்துச்சு" என்றார்.

"அப்ப எறக்கினது சரிதான்" என்றேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவர்தான் எனக்குக் கூட்டு. நான் வார்டு வாசலில் உறைந்து நிற்கும்போதெல்லாம் கட்டிலில் இருந்தபடியே, "என்னவே, டயர் பஞ்சரா?" என்று குரல் கொடுப்பார். வார்டே சிரிக்கும், நானும் சிரிப்பேன். சிரித்தால் சில சமயம் கால் இளகும். எப்படி என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்குப் போகிறதற்கு முந்தின நாள் கண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். கோயம்புத்தூரில் அவன் இருக்கிற குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகிறதாம், வீட்டுக்காரரிடம் பேசிவிட்டானாம்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துருங்கப்பா. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுருவோம். நீங்க விழுந்தா அம்மாவால தூக்க முடியாது. நான் அங்கன ஒக்காந்துகிட்டு ஒவ்வொரு போன் வரும்போதும் நெஞ்சு திக்குதிக்குன்னு இருக்க முடியாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அவன் சொன்னதில் எது பொய் என்று தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. செண்பகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு இந்த ஊரையும், இந்தத் தண்ணீரையும், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு அடுத்த வீட்டுக்காரியோடு பேசுகிற பேச்சையும் விட்டுப் போக முடியாது. எனக்குத் தெரியும். வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

"எனக்குக் கொஞ்சம் டயம் தா. நான் தனியா பஸ் ஏறி பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயி காய்கறி வாங்கிட்டு, தனியா வீட்டுக்கு வந்து சேரணும். அடுத்த தடவ நீ வரும்போது செஞ்சு காட்டுதேன். முடிஞ்சா நாங்க இங்கனதான். முடியலைன்னா நீ சொல்லுத எடத்துக்கு வாரோம், ஒரு பேச்சு பேசாம" என்றேன். வாசலைத் தாண்ட முடியாதவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள். கண்ணன் சரி என்றுவிட்டான். முடியாது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

அப்படித்தான் நான் ஷீபாவிடம் போய்ச் சேர்ந்தேன். அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், நாசரேத் ஊர்ப் பிள்ளை. பார்க்கச் சின்ன உருவம், வேலை வாங்குவதில் எங்கள் டிப்போ மேனேஜர் தோற்றார். கை வீசவைப்பாள், நாற்காலியில் இருந்து எழுப்புவாள், உட்காரவைப்பாள், மறுபடி எழுப்புவாள். ஒருநாள் என் மகன் வாங்கிக் கொடுத்த போனை வாங்கி அதில் ஒரு ஆப் ஏற்றினாள்.

"அங்கிள், ஒங்க கால தானா ஓட்டுற டிரைவர் இப்ப லீவுல இருக்காரு. அதனால வெளிய இருந்து ஒரு தாளம் கொடுக்கணும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எட்டு. சத்தத்தக் கேட்டு நடக்கும்போது மூள வேற வழியா கால எடுக்கச் சொல்லும்."

அந்த ஆப் போனுக்குள் இருக்கிற அசைவு தெரிகிற கருவியை வைத்து என் எட்டு எவ்வளவு நீளம், எங்கே தடுமாறுகிறது என்றெல்லாம் கணக்குப் போடும். கால் உறைந்தால் தானே கண்டுபிடித்துச் சத்தம் கொடுக்கும். அதற்குப் போன் இடுப்போடு ஒட்டி இருக்க வேண்டும். நான் வேட்டிக்காரன், மடியில் வைத்தால் நழுவுகிறது. வேட்டிக்கு மேல் கட்டுகிற, பை வைத்த பச்சை பெல்ட்டை எடுத்து வந்தேன். போன் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஷீபா அதைப் பார்த்துவிட்டு அவளுடைய வேட்டிகட்டிய நோயாளிகளுக்கெல்லாம் பச்சை பெல்ட் வாங்கச் சொல்லிவிட்டாள்.

பெல்ட் சரி, போன் சரி. நடை மட்டும் வரவில்லை. போன் 'பீப்' என்றால் எட்டு வைக்க வேண்டும். எனக்கு 'பீப்' என்றதும் கால் நிற்கிறது. அடுத்த 'பீப்'புக்கு இன்னும் அழுத்தமாக நிற்கிறது. சத்தம் இல்லாமல் விட்டால்கூட நாலு எட்டு நடக்கிறேன், சத்தம் கொடுத்தால் மைல்கல் மாதிரி நின்றுவிடுகிறேன். ஷீபா வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். மற்றவர்கள் அதே சத்தத்துக்கு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்தச் சனியன எடுத்து ஆத்துல வீசுதேன்" என்று கத்திவிட்டேன். "போன் ஒங்களுது அங்கிள், வீசிக்கோங்க. நாளைக்கு வரும்போது வேற போன் கொண்டுட்டு வாங்க" என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி கேட்டில் வந்து உறைந்துவிட்டேன். செண்பகம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல வாங்க, பைய பைய" என்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயம்புத்தூர்தான், வேறு வழியில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன். கேட்டுக்கு எதிரே ஒரு டவுன் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கண்டக்டர் பையன் விசில் அடித்தான். விர், விர் என்று ரெட்டை விசில்.

என் கால் எழும்பியது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். செண்பகம் கையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்கிறாள்.

"செம்பகம், ஒத்த விசிலுக்கு வண்டி நிக்கணும்லா" என்றேன்.

"என்ன சொல்லுதீய, வெயில்ல நின்னு கிறுக்குப் பிடிச்சிட்டா?"

பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு விசில் அடித்தால் எடு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒற்றைச் சத்தம் என்றால் நிற்பது, ரெட்டைச் சத்தம் என்றால் கிளம்புவது என்று என் உடம்பு ஊறிப்போயிருக்கிறது. ஒற்றை விசில் கேட்டதும் இரண்டு காலையும் ஊன்றி பிரேக்குக்குத் தயாராக நின்றுவிடுவேன். போன் என்னைப் பார்த்து 'நில், நில், நில்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம் என் கால், சொன்னதைக் கேட்டிருக்கிறது.

அப்படியே திரும்பி உள்ளே போய் ஷீபாவிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். "நான் படிச்சதுல இது இல்ல அங்கிள். ஆனா சத்தத்த அவங்கவங்களுக்குத் தோதா மாத்தணும்னு படிச்சிருக்கேன். பாத்துருவோம்" என்றாள். அந்த ஆப்பில் நாமே ஒரு சத்தத்தைப் பதிவு செய்து வைக்கலாமாம். மறுநாள் என் பழைய விசிலைக் கொண்டுபோனேன். நோயால் மூச்சு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது, இருந்தாலும் ரெட்டை விசில் அடித்துப் பதிவு செய்தோம். ஷீபா விட்டுவிடவில்லை. 'பீப்' வைத்து நடக்கவிட்டாள், விசில் வைத்து நடக்கவிட்டாள், ஒன்றும் இல்லாமல் நடக்கவிட்டாள், மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் ஒரு தடவை, அதன் வேகம் இறங்குகிற நேரத்தில் ஒரு தடவை. எல்லாம் பார்த்துவிட்டு, "அங்கிள், ஒங்க காலுக்கு ஒங்க விசில்தான் சரி" என்றாள். வாழைத்தார் அண்ணாச்சி அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார். நல்ல கையால் தொடையில் தட்டி, "ரைட், போலாம்" என்றார்.

இதை வாசிக்கிறவர்கள் விசில் வாங்கக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். என் காலுக்கு விசில் சரி, ஒருவருக்குப் பாட்டு சரியாக இருக்கும், இன்னொருவருக்குத் தரையில் ஒட்டின கோடு சரியாக இருக்கும். மாத்திரையை விட்டுவிட்டுப் போனை மட்டும் கட்டிக்கொண்டு நடக்கவும் முடியாது. ஷீபா இதைச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

வீட்டில் தினமும் பயிற்சி. தெருவில் நான் இடுப்பில் விசில் சத்தத்தோடு நடந்து வந்தால் ஆட்டோக்காரர்கள், "அண்ணாச்சி, ஜங்ஷன் போவுமா?" என்பார்கள். "போவாது, ஏறாத" என்பேன். தைரியம் கூடி ஒருநாள் செண்பகத்தோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது.

ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கீழே இறங்கி ஒரு அம்மாவின் மூட்டையைத் தூக்கிவிட்டுக் கொண்டிருந்தார். நான் பஸ்ஸின் பக்கவாட்டில் வரும்போது கூட்டத்தைப் பார்த்துக் கால் உறைந்தது. போன் கண்டுபிடித்து, சத்தமாக விர், விர் என்றது. டிரைவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் கீழே, மூட்டை மேலே, அந்த அம்மா இரண்டுக்கும் நடுவே. நல்ல வேளை, பத்தடி போவதற்குள் உள்ளே இருந்தவர்கள் கூச்சல் போட்டு நிறுத்திவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"யாருவே விசிலடிச்சது?" என்று கண்டக்டர் பாய்ந்து வந்தார்.

செண்பகம் என் முன்னால் வந்து நின்றுகொண்டு, "இவியதான் அடிச்சாவ. ஆனா இவிய அடிக்கல, இடுப்பு அடிச்சுச்சு" என்றாள். அந்த மனுஷன் என் இடுப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டே வண்டியில் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் செண்பகத்துக்குப் புரையேறிவிட்டது. ஷீபாவிடம் சொன்னதும் அவள் சிரிக்காமல் ஒரு இயர்போனைக் கொடுத்தாள். ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும், மறு காது ரோட்டுக்கு என்று சொன்னாள். அப்புறம்தான் சிரித்தாள்.

கண்ணன் வந்தான். அவன் வந்த மறுநாள் காலையில் பரீட்சை. மாத்திரை போட்டு அது நன்றாக வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்ணன் அடுத்த வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. உதவிக்கு வரக் கூடாது, நான் விழுந்தால் ஒழிய. செண்பகம் வாசல் வரை வந்து, "முருங்கைக்காய் முத்தலா இல்லாம பாத்து வாங்குங்க" என்றாள், நான் தினமும் போய் வருகிறவன் மாதிரி.

போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. உட்கார இடம் கிடைத்தது. மார்க்கெட்டில் நெரிசல் இருந்த சந்துகளை விட்டுவிட்டு ஓரத்துக் கடைகளிலேயே வாங்கினேன். முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தே வாங்கினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ் நிறைந்திருந்தது. ஒரு பெரியவர் இடம் கொடுத்தார். எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, முன்வாசல் வரை வந்துவிட்டேன். படிக்கு மேலே வந்து நின்றதும் கால் உறைந்துவிட்டது. வாசல், திருப்பம், கூட்டம், அவசரம், நாலும் ஒரே இடத்தில். காதில் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. கால் அசையவில்லை. பின்னால் இறங்க நிற்கிறவர்கள் நெருக்குகிறார்கள். "எறங்குதீரா இல்லையா, பெரியவரே?" என்று ஒரு குரல். எனக்கு முதுகில் வியர்வை ஓடுகிறது. கண்ணன் எங்கேயோ பைக்கில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தப் படியில் வீடு போய்விடும் என்று தெரிந்தது.

உறைந்தால் காலோடு சண்டை போடாதீர்கள், நில்லுங்கள், நிமிருங்கள், பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றுங்கள், அப்புறம் ஒரே ஒரு பெரிய எட்டு என்று ஷீபா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதற்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டும் என்றால் கேட்க வேண்டும். அதுவரை வீட்டாரையும் ஆஸ்பத்திரி ஆட்களையும் தவிர ஒருத்தரிடமும் நான் என் நோயைச் சொன்னதில்லை. கால் சுளுக்கு என்றுதான் சொல்லுவேன். எத்தனை பேரை நான் "சீக்கிரம் எறங்கு, சீக்கிரம் எறங்கு" என்று விரட்டியிருப்பேன், அந்த வாசலில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

"கண்டக்டர் தம்பி, எனக்குப் பார்க்கின்சன்னு ஒரு வியாதி. வாசல்ல வந்தா காலு ஒட்டிக்கிடும். கொஞ்சம் பொறுத்தா நானே எறங்கிருவேன். யாரும் தூக்க வேண்டாம்."

அந்தக் கண்டக்டர் பையன் முன்னால் பார்த்து, "அண்ணே, வண்டி நிக்கட்டும்" என்றான். டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டார். பின்னால் நெருக்கியவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஒரு பொம்பிளை என் கையில் இருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டு, "நீங்க பைய எறங்குங்கண்ணே, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றாள். நின்றேன். நிமிர்ந்தேன். பாரத்தை மாற்றினேன். காதில் விசில் கேட்டது. பெரிய எட்டாக வைத்தேன். படி, அடுத்த படி, தரை.

யாரும் கைதட்டவில்லை, அது எனக்கு நிம்மதி. பையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். கண்ணனைத் தேடினேன், காணவில்லை. போக்குவரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான், எனக்குச் சாட்சிகூட இல்லாமல் போயிற்றே என்று நொந்துகொண்டே வந்தேன்.

நான் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, செண்பகம் முருங்கைக்காயைக் குறை சொல்லி முடித்த பிறகுதான் கண்ணன் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"எங்கலே போன? நான் வந்து எவ்வளவு நேரமாச்சு" என்றேன்.

"ஒரு கடை மறைவுலதான் நின்னேன்ப்பா, பஸ் வாசலுக்கு நேரா. நீங்க படியில நின்னத பாத்தேன். ஓடி வரணும்னு வண்டிய விட்டு எறங்கிட்டேன்." பைக் சாவியைக் கையில் உருட்டினான். "ஆனா வரல. நீங்க எறங்கி நடந்து போறத பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் அங்கன நின்னே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அந்த வீட்ட வேற யாருக்காவது விட்டுருங்க, எங்க அப்பா அம்மா வரலன்னு சொல்லிட்டேன்."

செண்பகம் கையில் முருங்கைக்காயோடு அப்படியே நின்றாள்.

கண்ணன் என் முகத்தையே பார்த்தான். பார்க்கின்சனில் முகத்துச் சதையும் இறுகிப்போகும். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஒரே முகம்தான். எனக்கு அந்த நேரத்தில் அவனைக் கட்டிப்பிடித்து ஆட வேண்டும்போல இருந்தது. அவன் கண்ணுக்கு நான் கல்லு மாதிரி நின்றிருப்பேன்.

"அம்மா, அப்பாவுக்குச் சந்தோசமா இல்லையா? கோவமா இருக்காவளா?" என்று கேட்டான்.

செண்பகம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பா சிரிச்சிக்கிட்டுதாம்ல இருக்காவ. நீ கையக் கால கழுவிட்டு வா, சாப்பிடலாம்."